விழுங்கிய சோறு நெஞ்சிலேயே நின்றால்



"ஐயா, நெஞ்செரியுது, அந்த வெள்ளை மருந்தைக் கொஞ்சம் ஊத்திக் குடுங்க" என்று போத்தலோடு யாராவது வந்து நிற்காத காலையே தோட்ட ஆஸ்பத்திரிகளில் கிடையாது. பிரட்டுக்கு முன் ஒரு வாய் கோப்பி, வெயில் ஏறும்வரை வெறும் வயிறு, பிறகு காரத்தோடு ஒரு பிடி சோறு என்று ஓடும் பிழைப்பில் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? பெரும்பாலோருக்கு அந்த மருந்தே போதும். நான் எழுத வந்தது அந்த மருந்துக்குக் கேட்காதவர்களைப் பற்றி.

சிலருக்குச் சோறு நெஞ்சு நடுவில் நின்றுவிடுகிறது; தண்ணீர் குடித்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. படுத்தால், நேற்றுத் தின்ற கீரை செரிக்காமல் அப்படியே வாய்க்கு வருகிறது. விடிந்து பார்த்தால் தலையணை ஈரம். நடுராத்திரியில் புரையேறி இருமல், வாய் நாற்றம், உடம்பு இளைப்பு. இதையெல்லாம் வெளியே சொல்ல நம் ஜனங்களுக்கு வெட்கம். வீட்டார் பார்த்துவிட்டாலோ, "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று முடிவு கட்டி, மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப் போகிறார்கள். அவரும் உறிஞ்சி எடுத்ததாக எதையோ துப்பிக் காட்டிக் காசு வாங்கிக்கொள்கிறார். நோயாளி அன்று ராத்திரியும் தலையணையை நனைக்கிறார்.

உணவுக்குழாய் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். விழுங்கியதைப் பிழிந்து பிழிந்து கீழே தள்ளும். அடியிலுள்ள தசைவளையம் திறந்து இரைப்பைக்குள் விடும். சிலருக்கு அந்த வளையம் சரியாகத் திறப்பதில்லை, அல்லது குழாயே தாறுமாறாக இறுகுகிறது. மேலிருந்து தள்ளுகிறது, கீழே வழியில்லை. சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் உள் டியூப் பிதுங்குகிறதே, அதுபோலத் தசை விலகிய இடத்தில் உட்சவ்வு வெளியே புடைத்துப் பையாகிவிடுகிறது. குழாயின் கடைசி 10 சென்டிமீட்டருக்குள் வரும் பை இது. அபூர்வமான நோய்தான், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வருவது.

அபூர்வமான நோய்க்கு இத்தனை எழுத்தா என்று கேட்பீர்கள். இதே அடையாளத்தோடு வருகிற உணவுக்குழாய்ப் புற்றுநோய் இதைவிட அதிகம் காணப்படுவது. சம்சு, சிகரெட், புகையிலை வைத்த வெற்றிலை பழகியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். பையா, புற்றா என்று வெளியிலிருந்து கை வைத்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: விழுங்கச் சிரமம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டும். "இன்னும் ஒரு மாசம் மருந்து குடிச்சுப் பாரு" என்ற பேச்சே கூடாது. என் சக உதவியாளர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இப்படிப்பட்டவருக்கு மூக்குவழிக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு செருகவும் கூடாது. பை இருந்தால் ஓட்டை விழும்.

அங்கே பேரியம் என்ற சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரியான மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து பையில் தேங்கிச் சுரைக்குடுக்கை போலப் படத்தில் தெரியும். அடுத்தது கேமராக் குழாய். இதற்குப் பயந்து பாதியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. புற்று இல்லை என்று உறுதி செய்ய அதுவே வழி. ஆனால் சோறு தின்றுவிட்டு "சாப்பிடலை" என்று பொய் சொல்லாதீர்கள். பையில் கிடப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூன்றாவது, மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுத் தசையின் அழுத்தத்தை அளப்பது. இந்தக் கருவி எல்லா ஊரிலும் இராது. "பைதான்னு தெரிஞ்சு போச்சே, இது எதுக்கு?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நோயின் வேர் தசையில் இருக்கிறது, பையில் இல்லை.

அறுவைச் சிகிச்சையின் சூட்சுமமும் அங்கேதான். பையை மட்டும் வெட்டி, கீழே இறுகிய தசையை அப்படியே விட்டால், விழுங்கும் சோற்றின் அழுத்தம் தைத்த இடத்தில் மோதும். தையல் கசியும், தப்பினாலும் நாளடைவில் மறுபடி பை வரலாம். ஆகவே பையை வெட்டி, தசையை மட்டும் நீளவாக்கில் இரைப்பைவரை பிளந்து, அமிலம் மேலேறாதபடி இரைப்பையின் மேல்பகுதியைக் குழாயைச் சுற்றிப் பாதியளவு மடித்துத் தைக்கிறார்கள். தசையைப் பிளப்பது ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-இல் செய்துகாட்டியது. முன்பு நெஞ்சைத் திறந்து செய்தார்கள். இப்போது பலருக்கு வயிற்றில் சிறு துளைகள் போட்டே முடிகிறது.

கசிவுதான் பெரிய ஆபத்து. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. பை இருப்பது தற்செயலாகத் தெரிந்து, ஒரு தொல்லையும் இல்லாதவருக்குக் கத்தி வேண்டாம். "பை பெரிசு, உடனே வெட்டணும்" என்று யாராவது பயமுறுத்திப் பணம் கேட்டால் வேறொரு டாக்டரையும் கேளுங்கள். ஆனால் ராத்திரியில் புரையேறிச் சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறவரும், இளைத்துக்கொண்டே போகிறவரும் தள்ளிப்போடக் கூடாது.

அறுவைக்குப் பிறகு கசிவில்லை என்று படம் எடுத்துப் பார்த்த பின்பே கஞ்சித்தண்ணீர், அப்புறம் குழைந்த சோறு. வீட்டுக்கு வந்த மறுநாளே செம்பனைக் குலை தூக்கப் போகிற வீரமெல்லாம் வேண்டாம். எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியவருக்கு வருடத்தில் 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1-1-2023 முதல் அது சாதாரண நோய் விடுப்பில் சேராத தனிக் கணக்கு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சீட்டைக் கிராணியிடம் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் கை வைத்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்ட அது வேண்டும்.