படகு விசிறி: சுற்றைப் பார்த்து வாங்குங்கள்

கிணற்றில் மோட்டார் தாங்காத அளவுக்குப் பெரிய பம்பை மாட்டினால் காயில் கருகிவிடும் என்பது விவசாயிகள் அறிந்த சங்கதி. கடலில் ஓடும் படகுக்கும் கணக்கு இதுதான். ஆனால் படகின் விசிறி, அதாவது புரொப்பெல்லர், உடைந்து போனால் பக்கத்துப் படகில் என்ன அளவு என்று கேட்டு அதையே வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர், வேகம் வரட்டும் என்று ஓர் அளவு கூட்டியே வாங்குகிறார்கள். எண்ணெய்ச் செலவு ஏறுவது அங்கேதான்.

சென்னையில் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் ஆகிய கரைகளில் படகுகள் அலையைத் தாண்டி வந்து மணலில்தான் ஏறுகின்றன. மணல் உரசி விசிறியின் இதழ் ஓரம் தேய்கிறது. அடையாற்று முகத்துவாரத்து மணல்மேட்டில் தட்டினால் இதழ் மடங்கியே விடும். துறைமுகத்தில் நிற்கும் படகைவிட இங்கே விசிறிக்குச் சோதனை அதிகம்.

விசிறிக்கு இரண்டு அளவுகள். ஒன்று குறுக்களவு. மற்றது பிட்ச், மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதுபோல ஒரு சுற்றுக்கு விசிறி முன்னேற வேண்டிய தூரம். 9 x 8 என்று பொறித்திருந்தால் குறுக்களவு 9 அங்குலம், பிட்ச் 8 அங்குலம். கடையில் முதல் எண்ணை மட்டும் சொல்லி வாங்குவது பாதி அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போலத்தான்.

சரியான அளவை இயந்திரமே சொல்லும். வலை, ஐஸ், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டி, நிமிடத்திற்கு எத்தனை சுற்று வருகிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரத் தகட்டில் குறித்த சுற்று எட்டாமல், டீசல் எஞ்சின் கரும்புகை கக்கினால் விசிறி அதிகம். குறித்த சுற்றைத் தாண்டி அலறினால் விசிறி போதாது. வெளிப்பொருத்து மோட்டார்களில் பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 200 சுற்று கூடும். குறுக்களவில் இன்னும் கவனம் வேண்டும். அது பத்தில் ஒரு பங்கு கூடினாலே, அதே சுற்றில் விசிறி கேட்கும் சக்தி ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

பெரிய விசிறியே ஆகாது என்று இதற்குப் பொருளல்ல. கியர் மூலம் சுற்றைக் குறைத்து ஓட்டினால் பெரிய விசிறிதான் சிக்கனம். மயிலாப்பூருக்கு அடுத்த அபிராமபுரத்திலிருந்து இயங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே வெளியிட்ட கைநூலில் இந்த விவரம் இருக்கிறது. கரையேறும்போது விசிறியைத் தூக்கிக்கொள்ளும் படகையும் அந்தத் திட்டத்தினர்தாம் வடிவமைத்தார்கள்.

சுழலும் திசை, தண்டின் துளை, சாவிக் காடி ஆகியவை பழையதோடு பொருந்த வேண்டும். உலோகத்தைப் பொறுத்தவரை, மணலில் ஏறும் வெளிப்பொருத்து மோட்டாருக்கு அலுமினியமே மேல். எவர்சில்வர் உறுதிதான், ஆனால் அடி விழுந்தால் தான் வளையாமல் அடியைக் கியருக்கு அனுப்பும். வளைந்த அலுமினிய விசிறிக்கு ஆகும் செலவு, உடைந்த கியருக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். தண்டு நீண்ட டீசல் எஞ்சினுக்கு வெண்கலம் ஏற்றது.

சுற்று எண்ணும் கருவியை ஒவ்வொரு மீனவரும் வாங்க வேண்டியதில்லை. குப்பத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று வாங்கி வைத்து, விசிறி மாற்றுகிறவர்களுக்கு ஒரு நாள் இரவல் தரலாம். வரி நீக்கிய டீசலுக்கு அக்கறை எடுக்கும் சங்கங்கள், அந்த டீசல் வீணாகப் புகையாகாமல் இருக்கவும் அக்கறை எடுப்பது நியாயமே.

பழைய விசிறியை எடைக்குப் போட வேண்டாம். மடங்கிய இதழை நிமிர்த்தி, வேண்டிய பின், ஸ்பானரோடு படகிலேயே வைத்திருந்தால், நடுக்கடலில் புதியது உடையும்போது அதுதான் கரை சேர்க்கும்.