தூண்டிலுக்கு முன் காலைப் பாருங்கள்

தை, மாசியில் ஊட்டிப் பக்கம் டிரவுட் பிடிக்கப் போகலாமா என்று டவுன்ஷிப் நண்பர்கள் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். எச்.சி.வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த வானவில் டிரவுட்டுக்குக் குளிர்காலம்தான் முட்டையிடும் பருவம். ஓடையின் கூழாங்கற்களைக் குழித்து, முட்டையிட்டு, கல்லாலேயே மூடிவிடும். 10 டிகிரி நீரில் அவை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இறகில் பொய்ப்பூச்சி கட்டி வீசுபவர், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டேன் என்று பெருமைப்படுவார். சரி, முழங்கால் தண்ணீரில் நடந்தாரே, பூட்ஸுக்கு அடியில் என்ன நசுங்கியது என்று பார்த்தாரா? (நம் கெடிலத்தில் மணலை அள்ளிவிட்டு மீனைத் தேடுகிறவர்கள்தானே நாம்!) ஆசை அடங்காதவர்கள் கரையில் நின்றே வீசட்டும். ஓடைக்குள் இறங்குவதைச் சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.