வருக என்றழைக்கும் பாட்டு

கிறித்தவ ஆலயங்களிலே பிரசங்கம் முடிந்ததும் ஒருவகைப் பாடல் பாடப்பெறுவதுண்டு. தயங்கி நிற்பவனை நோக்கி, இன்றே வந்துவிடு என்று கூப்பிடுவது அதன் தொழில். அழைப்புப் பாடல் என்பர். சைவக் குடியிற் பிறந்த எனக்கு இப்பாடல்களில் ஈடுபாடு உண்டானதற்குக் காரணம், இவை நமக்குப் புதியன அல்ல என்பதே. திருவாசகத்தின் யாத்திரைப் பத்தில், காலம் வந்துவிட்டது புறப்படுங்கள் என்று மணிவாசகர் அடியார் கூட்டத்தை அழைக்கிறார். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டும் பலதிறத்தாரைத் தம் குழாத்தினுள் வந்து புகும்படி கூவுவதுதான்.

ஆங்கில அழைப்புப் பாடல்களுக்கு வேர் வேதாகமத்தில் இருக்கிறது. பணமில்லாதவனும் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்னும் ஏசாயா 55ஆம் அதிகாரத்துக் கருத்தை வைத்தே, 1759இல் யோசேப்பு ஹார்ட் என்பவர் ஒரு பாடலை இயற்றி வெளியிட்டார். ஆயினும் இவ்வகையிற் பேர்பெற்றது சார்லொட் எலியட் அம்மையாரின் பாடலே. 1789இல் பிறந்து 1871இல் மறைந்த இவர், முப்பது வயதைக் கடந்தபின் நோயாளியாகவே காலங்கழித்தவர். பிரைட்டன் நகரில், பாதிரியாராகிய அவர் தம்பியார் பெண்கள் பாடசாலையொன்றுக்காக விற்பனைச் சந்தை நடத்தியபோது வீட்டார் அனைவரும் ஓடியாடி உழைத்தனராம். தம்மால் ஒன்றும் ஆகவில்லையே என்ற ஏக்கத்திற் படுத்திருந்தவரின் உள்ளத்தில் எழுந்தது அப்பாடல் என்பர். தகுதி ஏதுமில்லை, உள்ளபடியே வருகிறேன் என்பது அதன் பொருள். உற்று நோக்கினால் அதில் அழைப்பே இல்லை! அழைக்கப்பட்டவளின் மறுமொழி மட்டுமே இருக்கிறது. அழைப்பவர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், வருபவரின் குரல் கேட்டால்தானே அருகில் நிற்பவருக்குத் துணிவு பிறக்கும்?

தமிழில் இத்துறைக்கு முதல்வர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் நண்பர். ஐரோப்பிய மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணிக்காமல், பல்லவியும் சரணமுமாகக் கீர்த்தனைகள் பாடினார். ஒவ்வொரு சரணத்தின் இறுதியிலும் பல்லவி திரும்பி வருமாதலால், அழைக்கும் பாட்டுக்கு இதனினும் ஏற்ற உருவம் வேறில்லை. புதிதாக வந்த பாதிரிமாருக்கோ இம்முறை பிடிக்கவில்லை. பாட்டைப் பற்றியும் சாதியைப் பற்றியும் எழுந்த பூசலில், 1829இல் சாஸ்திரியார் தம் பதவியை இழந்தார். பாட்டின் வழக்கில் நியாயம் அவர் பக்கம் என்பதே என் துணிபு. சாதியின் வழக்கிலோ அன்று. ஆலயத்தில் வேளாளருக்குத் தனியிடம் வேண்டுமென்று வாதாடியவர் அவர். யாவரும் வருக என்று பாடிய நாவே, வந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிற்று. நம் கோயில் வாசல்களின் பழைய கதையை அறிந்தவர்கள் இதைக் கேட்டு நகைக்க உரிமையுடையவரல்லர்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியஞ்செய்யத் தமிழ்க் கூலி மிசன் என்னும் அமைப்புத் தொடங்கப்பெற்றது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அவர்கள் யாரை அழைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். புசல்லாவை மலைகளிற் கோப்பி நட்டவர்கள் ஏற்கெனவே ஓர் அழைப்பைக் கேட்டு வந்தவர்கள். தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசைகாட்டிய கதை இன்றும் வழங்குகிறது. அந்த அழைப்புக்கு விலை இருந்தது. முன்பணம் கடனாயிற்று, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியில் நடந்தவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். வந்து சேர்ந்தவர்களை நாள்தோறும் விடியுமுன் பெரட்டுத் தப்பு அழைத்தது. அதற்கு வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

இத்தகையவர்களிடம் ஒருவர், கைம்முதல் வேண்டாம், கடனில்லை, விரும்பினால் வா என்று பாடினால் அது காதில் எவ்வாறு விழுந்திருக்கும்! மதம் மாறியோர் தொகையை எண்ணி மகிழ்வோரும் வருந்துவோரும் இதனை எண்ணுவதில்லை. வா என்று சொல்லிவிட்டு, வருவதும் வராததும் உன் விருப்பம் என்று விட்ட அழைப்பு, லயத்து மக்களுக்கு அதுவே முதலாவதாக இருந்திருக்கவும் கூடும்.