மாணவனுக்கும் ஒரு மஞ்சள் கடுதாசி வேண்டும்

வியாபாரம் நொடித்துப் போனவரை நம் ஊர்ப் பக்கம் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்பார்கள். கேட்பவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கடுதாசிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. இருப்பதையெல்லாம் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டு, மிஞ்சிய கடனிலிருந்து விடுதலை பெற்று, மனிதன் மறுபடி தலைநிமிரட்டும் என்பதே அந்த நியாயம். மளிகைக் கடைக்காரருக்கு உள்ள இந்த வழி, படிப்பதற்காகக் கடன் வாங்கிய பிள்ளைக்கு இருக்க வேண்டாமா?

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் நெல்லைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். மகனை ஊர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் வங்கிக் கடன். அடமானம் கேட்கவில்லை, ஆனால் தகப்பனாரும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டார்.

11 சதவீதம் தனி வட்டி என்று வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் அவகாசம் ஓராண்டு. முதல் தவணை கட்டும் நாளிலேயே கடன் ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் 7,600 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். பையனுக்குக் கிடைத்த சம்பளமோ 15,000 ரூபாய். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவான்? இப்போது வங்கியின் நோட்டீஸ் தகப்பனார் பெயருக்கும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மும்பை, சென்னை, கல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டு இன்சால்வென்சி சட்டமும், மற்றப் பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை. கல்விக் கடன் என்று தனியாக ஒரு விலக்கு அவற்றில் இல்லை. சுதந்திர இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டமோ, 79ஆம் பிரிவில் 'விலக்கப்பட்ட கடன்' என்று ஒரு பட்டியல் போடுகிறது. கோர்ட் விதித்த அபராதம், நஷ்ட ஈடு, ஜீவனாம்சம், அவற்றோடு கல்விக் கடன்! திவாலானாலும் இவற்றிலிருந்து மீட்சி கிடையாது. குற்றம் செய்தவன் கட்டும் அபராதமும், ஏழைப் பிள்ளை கட்டும் படிப்புக் கடனும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் தனி மனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சாதாரண மக்களுக்கு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே அந்த ஒரு வரியை நீக்கிவிடலாம்.

"வங்கிப் பணம் பொதுமக்கள் பணம் ஆயிற்றே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் சேமிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இதே சட்டத்தின் கீழ் மீட்கப்படும் கம்பெனிகளிடமிருந்து, ஏற்கப்பட்ட பாக்கியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்புகிறது. மீதியை நாடு பொறுத்துக்கொள்கிறது. ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடன் வாராமற்போனால், முக்கால் பங்கை வங்கிக்கு ஈடு செய்ய 2015இல் ஓர் உத்தரவாத நிதியும் ஏற்பட்டது. கம்பெனிக்கும் வங்கிக்கும் ஊன்றுகோல் உண்டு. மாணவனுக்கு மட்டும் இல்லை.

"பட்டம் வாங்கிய மறுநாளே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுவார்களே" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் வழி உண்டு. படிப்பு முடிந்து ஏழாண்டு கழியாமல் மனுப் போடக் கூடாது என்று விதிக்கலாம். வருமானத்தை மறைத்தவனுக்கு விடுதலை இல்லை என்று சொல்லலாம். முயன்றும் முடியாதவனை மட்டும் கோர்ட் விசாரித்து விடுவிக்கட்டும். கூட்டுக் கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கும் அதே விடுதலை வேண்டும். இல்லாவிட்டால் மகன் இறக்கி வைத்த சுமை தகப்பன் தலையில் ஏறும். நஷ்டம் தன்னையும் தொடும் என்று தெரிந்தால், வங்கியும் தகப்பனின் கையெழுத்தை மட்டும் பார்க்காமல், கல்லூரியின் தரத்தையும் பார்த்துக் கடன் கொடுக்கும்.

அமெரிக்காவைப் பார்த்தாவது நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அங்கே 1976இல் ஐந்தாண்டுத் தடை என்று தொடங்கினார்கள். 1990இல் அதை ஏழாண்டாக்கினார்கள். 1998இல் காலக்கெடுவையே எடுத்துவிட்டு, தாங்கவொண்ணாக் கஷ்டத்தை நிரூபித்தால்தான் அரசுக் கல்விக் கடனிலிருந்து மீட்சி என்று ஆக்கினார்கள். இன்று அந்நாட்டு அரசின் கல்விக் கடன் பாக்கி 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். ஒருமுறை சாத்திய கதவைத் திறப்பது எளிதல்ல.

கடன் வாங்கியவன் கட்டத்தான் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்ட முடியாதவன் ஆயுள் முழுதும் கூனிக் குறுக வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சட்டத்தில் ஒரு வரியை நீக்கும் வேலை இது. நம்மிடம் ஓட்டுக் கேட்டுப் பார்லிமெண்டுக்குப் போனவர்கள் ஆவன செய்வார்களா?