மின்கலம் பேணுதல்

ஒரு கருவியைப் பெறுதல் ஒரு நாள் நிகழ்வு. அதனைப் பேணுதல் பல்லாண்டுக் கடமை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல இல்லங்களுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. அத்தகைய இல்லத்தில் திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்க, மின்கலம் மட்டும் தளர்ந்துபோனால் என்ன நேரும்? மின்தடை வரும்போதெல்லாம் படிப்பும் தடைப்படும். கணினியை நூலகத்திற்கு எடுத்துச் செல்ல இயலாது. சுவரில் உள்ள மின்செருகியின் அருகிலேயே அது கட்டுண்டு கிடக்கும். ஆதலால், கருவியை வழங்குவோர் அதனைப் பேணும் அறிவையும் உடன் வழங்குதல் வேண்டும்.

மாறாத பழக்கம்

மின்கலம் குறித்து மக்களிடையே வழங்கும் அறிவுரைகளுள் சில, காலம் கடந்தவை. 'முழுவதும் தீர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்' என்பது நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் வழக்கில் இருந்த நாளில் பிறந்த விதி. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்–அயனி மின்கலம். இவ்வகை மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்கிய பணிக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இதற்குப் பழைய விதி பொருந்தாது. அடிக்கடி முழுவதுமாகத் தீரவிடுவது இதன் வாழ்நாளைக் குறைக்கவே செய்யும். மின்கலம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

தேய்வின் காரணம்

மின்னேற்றத்தின்போதும் மின்னிறக்கத்தின்போதும் லித்தியம் அயனிகள் இரு மின்வாய்களுக்கிடையே சென்று மீள்கின்றன. அப்போது சிறிதளவு லித்தியம் பக்கவினைகளில் சிக்கிப் பயனற்றுப் போகிறது. இத்தேய்வை முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால், அதன் விரைவைக் குறைக்க இயலும். அதனை விரைவுபடுத்துவனவற்றுள் முதன்மையானவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நெடுநேரம் முழு மின்னேற்ற நிலையில் இருத்தல். இவ்விரண்டும் சேர்ந்தால், பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மின்கலமும் முதுமையடையும். மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றி, வெயில் தாக்கும் கூரைக்கடியில் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது.

செய்யத்தக்கன

பேணும் முறை எளிது. நாள்தோறும் 20 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையில் மின்னேற்றத்தை வைத்திருப்பது நலம். மின்னிணைப்பிலேயே நெடுநேரம் பயன்படுத்துவோர், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டளவில் நிறுத்தும் அமைப்பு தம் கணினியில் உள்ளதா எனப் பார்த்துப் பயன்படுத்தலாம். மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் வைத்து இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபட்டு வெப்பம் பெருகும். மேசையோ பலகையோ ஏற்றது. விடுமுறைக் காலத்தில் எடுத்துவைப்பதாயின், பாதியளவு மின்னேற்றத்துடன் அணைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துவதும் துளையிடுவதும் தீவிபத்தை விளைவிக்கலாம். அத்தகைய கணினியை இயக்காமல் பழுதுநீக்குநரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

'கொள்ளளவு முழுவதையும் பயன்படுத்தாவிடில் நட்டமன்றோ?' எனச் சிலர் வினவலாம். நெடும்பயணத்திற்கு முன்போ, மின்தடை அறிவிக்கப்பட்ட நாளிலோ முழுமையாக மின்னேற்றுவதில் தவறில்லை. மின்கலத்திற்காகப் படிப்பைச் சுருக்குவது பேணுதல் ஆகாது. தேவையின்றி நாள்தோறும் முழுமையாக நிரப்பிவைக்கும் பழக்கமே விலக்கத்தக்கது.

எவர் பொறுப்பு?

பயன்படுத்துவோர் எவ்வளவு பேணினும் மின்கலம் ஒருநாள் தளரும். அந்நாளில் அதனை எளிதில் மாற்ற இயல வேண்டும். ஆனால், இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் உள்ளே வைத்து மூடப்பட்டுள்ளது. சிலவற்றில் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும் வகையில் கருவிகள் அமைய வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்தீர்ந்த மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கழிவுக்குப் பொறுப்பேற்பது நன்று. கழிவாகாமல் காப்பது அதனினும் நன்று. எளிதில் மாற்றத்தக்க மின்கலமும் நியாயமான விலையில் மாற்றுக்கலமும் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளர் கடமை. மாணவர்க்கு வழங்கும் கருவிகளை வாங்கும்போது இதனை ஒரு வரையறையாகவே வைத்தல் தகும்.

மின்கலங்கள் பலவற்றில் பயன்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. மண்ணின் வளமும் மனிதரின் உழைப்பும் ஒரு சிறு கலத்திற்குள் அடங்கியுள்ளன. அதனை ஓராண்டு கூடுதலாக வாழவைப்பது குடும்பத்தின் செலவைக் குறைக்கும். மாணவர் ஒருவரின் படிப்பைத் தடையின்றித் தொடரச் செய்யும். பேணும் அறிவை மாணவருக்கு அளிப்பதும், மாற்றும் வழியை உற்பத்தியாளர் திறந்துவைப்பதும் ஒருங்கே நிகழ்ந்தால்தான் வழங்கப்பட்ட கருவி முழுப்பயன் தரும்.