ஈரம் ஆகாது

மராட்டிய நாட்டுப் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கரியமில வாயு லேஸரைக் கண்டுபிடித்தார். நம்மவர் கண்ட அச்சாதனத்தை வீட்டிலேயே செய்து பார்க்கத் துணியும் இளைஞர்களைப் பாராட்டுகிறோம். கூடவே இரண்டு வார்த்தை சொல்லவும் விரும்புகிறோம்.

லேஸர்க் குழாயினுள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் குறைந்த அழுத்தத்தில் கலந்திருக்க வேண்டும். மின்சாரத்தால் கிளர்ச்சியுற்ற நைட்ரஜன், தன் சக்தியைக் கரியமில வாயுவுக்கு அளிக்கிறது. ஹீலியம் சூட்டைத் தணிக்கிறது. பின்னிரண்டும் உருளைகளில் விலைக்குக் கிடைக்கும். கரியமில வாயுவையோ சமையல் சோடாவில் வினிகரை ஊற்றியே பெறலாம். ஆனால், பொங்கிவரும் வாயு நீராவியையும் உடன் அழைத்து வரும். அந்த ஈரம் மிகுந்தால், சேர்ந்த சக்தி ஒளியாகுமுன்பே அதைப் பறித்துவிடும்.

ஈரம் போக்க நீறாத சுண்ணாம்பை நாடுவோர் ஏமாறுவர். அது ஈரத்தோடு கரியமில வாயுவையும் விழுங்கும்! கால்சியம் குளோரைடோ, மருந்துப் புட்டிகளில் இடும் ஸிலிகா ஜெல்லோ நிரம்பிய குழாயின் வழியே வாயுவைச் செலுத்துவதே முறை.

இத்தனைக்கும் பின் பிறக்கும் ஒளி 10.6 மைக்ரான் அலை நீளமுடையது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடும். அதை எழுப்பும் மின்சாரமோ பல்லாயிரம் வோல்ட். உயிரைக் குடிக்க வல்லது. ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆவலைத் தடுக்க வேண்டாம். விஷயமறிந்த ஆசிரியர் அருகிலின்றி மின்சாரப் பொத்தானைத் தொட விடவும் வேண்டாம்.