சகுனிக்குப் பிடிக்காத சீட்டாட்டம்

தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால், சூதாட்டம் ஆடும் ராத்திரியில் யாரும் தூங்க மாட்டார்கள். தருமர் நாட்டைத் தோற்று, தம்பிகளைத் தோற்று, கடைசியில் பாஞ்சாலியையும் வைத்துத் தோற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. இங்கே ஒரு பையன் கையில் சீட்டுக்கட்டைப் பார்த்தால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லவா வேண்டும்! (பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்று பேப்பரில் வரும் செய்தி வேறு.)

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதே பயத்தில் பிரிட்ஜையும் சேர்த்துத் தூக்கி எறிவது சரியில்லை. ஏன் என்று புரிய அதில் வரும் ஒரே ஒரு ஏலம் போதும்.

பிரிட்ஜில் நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு ஏலமும் துருப்பும் புதிதல்ல. கையில் இருப்பதைக் கூட்டாளிக்கு வாயால் சொல்லக் கூடாது, கண்ணால் காட்டவும் கூடாது. ஏலம் கேட்டுத்தான் தெரியப்படுத்த வேண்டும்.

பெரும்பாலான கைகள் சாதுவானவை. 4-4-3-2 என்று பரவலாக விழும் கை 100க்கு 21, 22 தடவை வரும். கோணல் கைகள்தான் பாடாய்ப் படுத்தும். 5 டைமன், 5 கிளாவர், மற்றதில் 2, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-5-2-1 என்ற இந்த மாதிரி வடிவம் வருவதே 3 சதவீதத்துக்குச் சற்று மேல். எதிராளி 1 ஆட்டின் என்று ஆரம்பித்துவிட்டார். இவர் ஒரு வகையை இப்போது சொல்லி, இன்னொன்றை அடுத்த சுற்றில் சொல்லலாம் என்று காத்திருந்தால், அதற்குள் எதிரணி 4 ஆட்டினுக்கு ஏறியிருக்கும்.

இதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் ஆல்வின் ராத் 1940களில் ஒரு வழி கண்டுபிடித்தார். எதிராளி ஆரம்பித்ததும் நேராக 2 நோ டிரம்ப் என்று தாவுவது. துருப்பே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 'இன்னும் யாரும் சொல்லாத வகைகளில் கீழே இருக்கும் இரண்டிலும் ஐந்தைந்தாவது இருக்கிறது' என்று அர்த்தம். ஒரே ஏலத்தில் பத்துச் சீட்டைச் சொல்லியாயிற்று! எதிராளி ஆரம்பித்த பிறகும் நிஜமாகவே 2 நோ டிரம்ப் கேட்கிற அளவுக்குப் பெரிய கை அமைவது அபூர்வம். சும்மா கிடந்த ஏலத்துக்கு வேலை கொடுத்தார், அவ்வளவுதான்.

கேட்டால் கள்ளக்குறி மாதிரித்தானே இருக்கிறது? அங்கேதான் விஷயம். பிரிட்ஜ் சட்டம் 40-ன்படி ஜோடிக்குள் ரகசிய ஒப்பந்தம் இருக்கவே கூடாது. எதிராளி கேட்டால் அர்த்தத்தை அவருக்கும் சொல்லியாக வேண்டும். கம்பெனிக் கணக்கில் அடிக்குறிப்பு போடுவது போல (பி.காம். படிப்பவர்கள் சிரிக்கலாம்). சொல்வதற்கு விலையும் உண்டு. ஏலத்தை எதிரணி எடுத்துவிட்டால், உங்கள் பத்துச் சீட்டையும் கண்ணால் பார்த்த மாதிரி ஆடிவிடுவார்கள்.

மறைத்தவர்களும் உண்டு. சீட்டு வைக்கும் பலகையை மேசையில் எங்கே நகர்த்துகிறோம் என்பதை வைத்தே கூட்டாளிக்குச் சேதி சொன்ன இஸ்ரேல் ஜோடி ஒன்றை, 2015-இல் சக ஆட்டக்காரர்களே வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு தடை விழுந்தது. சகுனிக்கு இந்த ஆட்டத்தில் வாழ்வில்லை.

ரம்மியும் திறமை ஆட்டம்தானே என்பார்கள். உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. ஆனால் ஆன்லைனில் பணம் கட்டி ரம்மி ஆடியவர்கள் கடனில் மூழ்கி உயிரை விட்டதும் இதே தமிழ்நாட்டில்தான். 2025-இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்தது. கெடுத்தது சீட்டல்ல, பணயம். பிரிட்ஜ் போட்டிக்குப் பணயம் தேவையில்லை. அதே கைகளையே அடுத்த மேசைகளிலும் வேறு ஜோடிகள் ஆடுவதால் 'அவனுக்கு நல்ல சீட்டு விழுந்தது' என்ற சாக்கும் அங்கே எடுபடாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது இப்படி ஆடித்தான்.

செஸ் போர்டு வாங்கித் தரும் அப்பாக்கள் ஒரு சீட்டுக்கட்டும் வாங்கித் தரலாம், மேசையில் காசு வைக்கக் கூடாது என்ற ஒரே கண்டிஷனோடு. 2 நோ டிரம்ப் எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் கூட்டாளி அதன் அர்த்தத்தை மறந்துவிட்டு, நிஜ நோ டிரம்ப் என்று நினைத்து 'பாஸ்' சொல்வார். அதற்கும் தயாராக இருங்கள்!